நெல்லையில் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு பார்ப்பது எப்படி

திருநெல்வேலிக்கு வேலை மாறுதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "எட்டாயிரத்துக்குள்ள ரெண்டு பெட்ரூம் வீடு கிடைக்குமா அக்கா?" நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது வருஷா வருஷம் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. எங்களுக்கும் இங்கே சொந்த வீடு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான்.

கிடைக்கும் என்பதுதான் என் பதில். ஆனால் முதலில் தெருவை முடிவு செய்ய வேண்டும், வீடு அப்புறம். இந்த ஊரில் வாடகை, தண்ணீர், பஸ், வெள்ளம் எல்லாமே தெருவுக்குத் தெரு மாறுகிறது. வீடு பிடித்துப்போய் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தெருவைப் பற்றி விசாரிக்கிறவர்கள்தான் ஒரே வருஷத்தில் மறுபடியும் லாரியில் சாமான் ஏற்றுகிறார்கள்.

ஊரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாமிரபரணி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் டவுன், ஜங்ஷன், தச்சநல்லூர், பேட்டை. மறு கரையில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை, மேலப்பாளையம். பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் மூன்றும் அகலமான தெருக்கள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், மகாராஜ நகரில் உழவர் சந்தை என்று வசதியானவை. வாடகையும் அதற்கேற்பத்தான். கே.டி.சி. நகரின் உள் தெருக்கள், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி சாலைப் பக்கம், சமாதானபுரத்தின் உட்பகுதி, தச்சநல்லூர் இங்கெல்லாம் அதே அளவு வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர்கள் பாளையங்கோட்டையில் வீடு பார்ப்பது வீண். ஆற்றைத் தாண்டி, ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி, டவுனையும் தாண்டித் தினமும் போய் வர வேண்டும். அவர்களுக்குப் பேட்டையும் டவுனும்தான் சரி.

டவுனைப் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நெல்லையப்பர் கோயிலின் நான்கு ரத வீதிகளில் கடைகளும் கூட்டமும்தான். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள சந்துகளில் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலை ஒட்டித் தார்சா, அடுத்து பட்டாசல் என்கிற கூடம், பிறகு அடுக்களை என்று நீளவாக்கில் போகும் வீடுகள், கெட்டியான சுவர்கள், சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. ஒரே வாசலுக்குள் நாலைந்து குடும்பங்கள் இருக்கும் வளவு வீடுகளும் உண்டு. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வளவு மாதிரி பாதுகாப்பான இடம் எந்த அடுக்குமாடியிலும் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். குறைகளும் இருக்கின்றன. குளியலறை, கழிப்பறை பொதுவாக இருக்கலாம். கார் நிறுத்த இடம் இருக்காது. ஆனித் திருவிழா சமயத்தில், தேரோட்டத்தன்று முக்கியமாக, வண்டியை வெளியே எடுக்க முடியாது. இதெல்லாம் உங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லையென்றால் டவுனை ஒதுக்காதீர்கள்.

வாடகையை மட்டும் பார்த்து வீட்டை மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் 9,000 ரூபாய்க்கு ஒரு வீடு, ஊர்க்கோடியில் 7,000 ரூபாய்க்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தூரத்து வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு வேன் வைக்க வேண்டும், அது 1,200. பெட்ரோல் கூடுதலாக 800. குடிநீர் இணைப்பு இன்னும் வராத தெரு என்றால் கேன் தண்ணீருக்கு 500. மிச்சம் என்று நினைத்த 2,000 போய், மேற்கொண்டு 500 கையை விட்டுப் போகிறது. இதே கணக்கு சில குடும்பங்களுக்குத் தலைகீழாகவும் வரும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. அந்தப் பஸ் நின்று போகும் நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு அமைந்தால், தள்ளியிருக்கும் கே.டி.சி. நகரும் வி.எம். சத்திரமும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உண்மையிலேயே மலிவுதான். எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்பதை மட்டும் நிறுத்தத்தில் உள்ள கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டித் தினமும் போக வேண்டிய இடமென்றால், காலை எட்டரை மணிக்கு ஒரு முறை அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டையின் ஆற்றோரப் பகுதிகள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. 1992 நவம்பரிலும் அப்படித்தான். ஆகவே ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு வழக்கத்தைவிடக் குறைந்த வாடகைக்கு வருகிறது என்றால், "வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று எதிர்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேட்பது நல்லது. இடுப்பளவு வந்தது, முழங்கால் அளவு வந்தது என்று சுவரைத் தொட்டே காட்டிவிடுவார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் கதவு நிலையின் அடிப்பகுதி, அலமாரியின் கீழ்த்தட்டு, சுவிட்ச் பாக்ஸின் உயரம் இவற்றைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மாடி வீடென்றால் ஆற்றோரமும் பரவாயில்லை. வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு மூன்று தெருக்களை முடிவு செய்தாகிவிட்டது. இனி நடக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் ஆப்பில் வீடு பிடித்துப் பழகியவர்களுக்கு இது பழைய காலத்து வழியாகத் தெரியும். இங்கே குறைந்த வாடகை வீடுகள் ஆப்புக்கு வருவதில்லை. பல வீடுகளுக்கு 'வாடகைக்கு' என்று போர்டுகூட வைப்பதில்லை. போர்டு வைத்தால் யார் யாரோ வந்து கேட்பார்கள் என்று வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். தெரிந்தவர் மூலம் ஆள் வர வேண்டும் என்றே காத்திருக்கிறார்கள். அந்தத் 'தெரிந்தவரை' நீங்கள் தெருவிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் ஏதாவது வாங்குங்கள். "அண்ணாச்சி, நாங்க ஊருக்குப் புதுசு. இந்தப் பக்கம் வீடு எதுவும் காலியா இருக்கா?" என்று கேளுங்கள். எங்கே வேலை, எத்தனை பேர் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தத் தெருவில் யார் காலி செய்யப் போகிறார்கள், யாருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான், எந்த மாடி பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியும். இஸ்திரி வண்டிக்காரர், பால்காரர், சிலிண்டர் போடும் தம்பி இவர்களுக்கும் தெரியும். எல்லாரிடமும் உங்கள் நம்பரை எழுதிக் கொடுங்கள். மறு வாரம் மறுபடியும் போய் நில்லுங்கள். ஒரு முறை கேட்டுவிட்டுப் போகிறவருக்கு யாரும் போன் செய்வதில்லை. இரண்டாவது முறை முகம் காட்டினால் அவர்களே அக்கறை எடுத்து விசாரிக்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கேயும் சொல்லி வைக்கலாம். பாளையங்கோட்டையில் நிறைய வீடுகள் அப்படித்தான் கைமாறுகின்றன.

புரோக்கரிடம் போவதில் தப்பில்லை. பொதுவாக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார்கள், பேசினால் பாதிக்கும் இறங்குவார்கள். வீடு முடிந்த பிறகுதான் கமிஷன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடு காட்டுவதற்கே பணம் கேட்கிறவரை விட்டுவிடுங்கள். இணையத்தில் விளம்பரம் பார்த்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் மாட்டிக்கொண்டேன், கியூ.ஆர். கோடு அனுப்புகிறேன், டோக்கன் போட்டால் சாவி வரும் என்று யார் பேசினாலும் அது மோசடிதான். வீட்டுக்குள் நின்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எந்த மாதம் தேடுகிறோம் என்பதும் வாடகையை மாற்றும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாறுகிறவர்கள் எல்லாரும் தேடுவார்கள். அப்போது வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் காலியான வீடு அப்படியே பூட்டிக் கிடக்கும். அப்போதுதான் போக வேண்டும். ஆடியில் வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துக்கொண்டு, "ஆவணி முதல் முகூர்த்தத்தில் வருகிறோம், அன்றிலிருந்து வாடகை" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் குறைத்துக் கேட்கவும் அதுதான் நேரம். மாதம் பார்க்காத குடும்பங்கள் ஆடியிலேயே குடியேறிவிடலாம்; வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் நம்மை விசாரிப்பார். எங்கே வேலை, எத்தனை பேர், ஊர் எது. இதுவரை சரி. அதற்கு மேல் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இந்த ஊரில் இன்னும் வருகிறது. சில இடங்களில் நேராக, சில இடங்களில் குலதெய்வம் எது, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து. நன்றாகப் படித்து, நல்ல வேலையில் சேர்ந்து, கையில் அட்வான்ஸ் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் முகம் வாடி நிற்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது அநியாயம். இன்ன மதத்தவருக்குத் தர மாட்டோம், கறி மீன் சமைக்கக் கூடாது என்பதும் அதே வகைதான். இப்படிக் கேட்கிற வீட்டில் கெஞ்சிக் குடியேறாதீர்கள். தினமும் அந்தப் பார்வைக்கு நடுவில் வாழ வேண்டியிருக்கும். எந்தத் தெருவில் இந்தக் கேள்வி வராது என்பதை உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்கள் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கும் கல்யாணமாகாத பையன்களுக்கும் இதே ஆலோசனைதான். அலுவலகத்திலிருந்து ஒருவர் கூட வந்து, "எங்க கூடத்தான் வேலை பார்க்கிறாங்க" என்று சொன்னால் பாதிக் கதவுகள் திறக்கின்றன. வீடு கிடைத்து உட்கார்ந்துவிட்ட நாமெல்லாம் அப்படி ஒரு நடை கூடப் போய் வர வேண்டும்.

வீட்டை மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். மாலையில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மேல்மாடி என்றால் மூன்று மணிக்கு உள்ளே நின்றால் தெரியும், கூரையின் சூடு தலையில் இறங்கும். வாடகை ஆயிரம் குறைவு என்று மொட்டைமாடிக்குக் கீழே குடியேறி, பங்குனி வந்ததும் ஏ.சி. வாங்கினால் குறைந்த ஆயிரம் கரண்ட் பில்லில் போய்விடும். மேற்குப் பக்கம் மரமோ அடுத்த கட்டடமோ நிழல் தருகிறதா என்று பாருங்கள்.

தண்ணீருக்கு மூன்று கேள்விகள். மாநகராட்சிக் குழாய் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீர் எப்படி. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், சோப்பு போட்டுக் கை கழுவிப் பாருங்கள். நுரை வரவில்லையென்றால் கடின நீர். குழாய் முனையிலும் பாத்ரூம் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் அதுதான். குடிக்க ஆற்றுத் தண்ணீர் வருகிறதென்றால் குளிக்கக் கடின நீரைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆற்றுத் தண்ணீரும் நல்ல போர் தண்ணீரும் இல்லாத வீடு எந்த வாடகைக்கும் மலிவு இல்லை. மோட்டார் எல்லாருக்கும் பொதுவா, யார் போடுவது, அதன் கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது என்பதையும் கேட்டுவிடுங்கள். மாடிக்கும் கீழுக்கும் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மோட்டாரில்தான்.

அப்புறம் மின் இணைப்பு. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. உங்கள் போர்ஷனுக்கென்று தனி சர்வீஸ் நம்பர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ரீடிங்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது. 200 யூனிட் ஓடினாலும் 2024 ஜூலைக் கட்டணப்படி 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தனி இணைப்பு இல்லாமல் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கினால் அதே 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். இரண்டு வீடும் ஒரே வாடகை சொன்னாலும் மாதத்துக்கு 600 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, பழைய பாக்கி எதுவும் நிற்கிறதா என்று மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பக்கம் ஒத்திக்கும் வீடு கிடைக்கும். மொத்தமாக மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, கெடு முடிந்து காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கையில் பணம் இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அதில் தெரிய வாய்ப்பு உண்டு. கடன் உள்ள வீட்டை ஒத்திக்கு எடுத்து, வங்கி ஜப்திக்கு வந்தால் உங்கள் பணம் நடுவில் நிற்கும். ஒத்தி என்பது சட்டப்படி ஓர் அடமானம். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதை ஏற்காதீர்கள். பதிவுக்கு வீட்டுக்காரர் மறுத்தால் சாதாரண வாடகைக்கே பேசுங்கள்.

வாடகை பேசி முடித்தால் கடைசியாக எழுத்து. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமும் உண்டு. வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். என்ன தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. நடைமுறையில் பலரும் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஐந்து மாதம், ஆறு மாதம் அட்வான்ஸ் கேட்பதும் நடக்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். "மூணு மாசம்னுதானேம்மா சட்டம், அதையே வச்சுக்குவோமே" என்று நிதானமாகச் சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள். குறைக்கவே மாட்டேன் என்றால் அட்வான்ஸைக் கூட்டிக் கொடுத்து வாடகையை ஐந்நூறு குறைக்கச் சொல்லுங்கள்; கொடுக்கிற தொகை முழுவதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் இன்னும் நாலு விஷயம் எழுதிவிடுங்கள். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும். காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். மின்கட்டணம், தண்ணீர் வரி யார் கட்டுவது. காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் அதிகப் பணம் போகிறது. ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கு என்று எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். வருஷக்கணக்கில் இருந்துவிட்டுப் போனால் அது நியாயம், பத்து மாதத்தில் போனால் நியாயமில்லை. அதனால் எத்தனை வருஷம் இருந்தால் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸும் வாடகையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். வீட்டுக்காரர் கையில்தான் வாங்குவேன் என்றால் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கிறவர்களுக்கு வீட்டுக்காரரின் பான் நம்பர் வேண்டும். அதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், மார்ச் மாதம் கேட்டால் தர யோசிப்பார்கள். சாமான் இறக்குவதற்கு முன்னால் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, விரிசல், கசிவு, உடைந்த குழாய் எல்லாம் தெரிகிற மாதிரி, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மீட்டர் ரீடிங்கின் படத்தையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.